பொறித்தலும் மையாடலும்: படைக்கலக் குறிகளின் நிறமூட்டல் வரலாறும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

உலோகத்தில் வெட்டப்படும் எழுத்துக்கு இரு பண்புகள் வேண்டும். அஃது அழியாதிருத்தல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படுதலும் வேண்டும். வெட்டு முதற்பண்பைத் தருகிறது. இரண்டாவதைத் தானே தருவதில்லை. துருவைத் தடுக்கும் பொருட்டு எஃகின்மேல் ஏற்றப்படும் கருநீலப் படலம் வெட்டின் குழிக்குள்ளும் பரவிவிடும். அப்போது எழுத்து இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. இக்குறையைப் போக்கவே குழியை வேறொரு பொருளால் நிரப்பி நிறவேறுபாடு காட்டும் முறை தோன்றியது. பொன், வெள்ளி, கந்தகக் கலவை, மெழுகு, அரக்கு, எனாமல் எனப் பல பொருள்கள் இதற்குப் பயன்பட்டுள்ளன.

பொறித்தல், நிறம் நிரப்புதல் ஆகிய இவை இரு வேறு செயல்கள். ஆயினும் அருங்காட்சியகப் பட்டியல்களையும் கருவிக் கையேடுகளையும் வழக்கு ஆவணங்களையும் தமிழில் தரும்போது ‘பொறிக்கப்பட்டது’, ‘பதிக்கப்பட்டது’, ‘வண்ணம் பூசப்பட்டது’ என்னும் மூன்று தொடர்களுக்குள் எல்லாச் செயல்களும் அடக்கப்பட்டுவிடுகின்றன. படைக்கலன்களிலும் கருவிகளிலும் குறிகளுக்கு நிறமூட்டிய வரலாற்றின் சில கட்டங்களை எடுத்துக்காட்டி, அவ்வேறுபாடுகளைத் தமிழில் காப்பது ஏன் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. குழி உண்டாகும் மூவகை

நிறத்தைப் பற்றிப் பேசுமுன் குழியைப் பற்றிப் பேசுதல் முறையாகும். உலோகத்தில் குறி மூன்று வழிகளில் அமைகிறது. முதலாவது, கடினமான அச்சை வைத்துச் சுத்தியால் அடித்தல். இதில் உலோகம் வெளியேறுவதில்லை; நெருக்குண்டு கீழே அமிழ்கிறது. இரண்டாவது, உளியாலோ கூரிய கருவியாலோ உலோகத்தை இழையாக வெட்டியெடுத்தல். மூன்றாவது, பரப்பை மெழுகால் மூடி, வேண்டிய இடத்தில் மட்டும் கீறித் திறந்து, அமிலத்தால் அரிக்கச் செய்தல். இம்மூன்றையும் முறையே முத்திரை அடித்தல், செதுக்குதல், அரித்தெழுதல் எனப் பிரித்து வழங்கலாம்.

இப்பிரிவு வெறும் சொல்லாய்வு அன்று. இலண்டன் துப்பாக்கி செய்வோர் குழுமம் 1637ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைக் கூடம் 1813ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டது. இவ்விடங்களில் குழல் மிகைவெடியைத் தாங்கியதற்குச் சான்றாக இடப்பட்ட குறிகள் முத்திரையாக அடிக்கப்பட்டவை. செய்தவர் பெயரும் அணிவேலையும் செதுக்கப்பட்டவை. ஒரே துப்பாக்கியில் இரண்டும் அருகருகே நிற்கும். முன்னது அதிகாரத்தின் குறி. பின்னது கலைஞனின் கை. இரண்டையும் ‘பொறிக்கப்பட்டுள்ளது’ என்று ஒரே வினையால் மொழிபெயர்த்தால் படிப்போர்க்கு அவ்வேறுபாடு தெரிய வழியில்லை.

3. தமிழ்மரபில் ஒரு சொல்

குழியில் நிறம் நிரப்பும் செயல் தமிழர்க்குப் புதிதன்று. எழுத்தாணியால் பனையோலையில் கீறிய எழுத்துக்கு நிறம் இல்லை. விளக்குக் கரி, மாவிலைக் கரி முதலியவற்றை இலைச்சாற்றில் குழைத்து ஏட்டின்மீது தடவித் துடைத்தால் மேற்பரப்பில் இருந்த மை நீங்கும்; கீறலுக்குள் சென்ற மை நிற்கும். எழுத்து அப்போதுதான் கண்ணுக்குத் தெளிவாகும். பள்ளியில் சேரும் சிறுவன் கையில் மை தடவிய புதுச்சுவடியைக் கொடுத்துக் கல்வியைத் தொடங்கும் சடங்குக்கு மையாடல் என்பது பெயர்.

எழுதுதல் வேறு, மையாடல் வேறு என்னும் தெளிவு இங்குச் சொல்லிலேயே அமைந்திருக்கிறது. தாளும் பேனாவும் வந்தபின் இவ்விரு செயல்களும் ஒன்றாயின. மையால் எழுதுவதே எழுதுதல் ஆயிற்று. அதனோடு அச்சொல்லும் வழக்கிறங்கியது. உலோகக் குறிக்கு நிறம் நிரப்பும் தொழிலாளி இன்றும் செய்வது ஓலையில் செய்த அதே செயலே: எண்ணெய்ப் பசையை நீக்குதல், நிறப்பொருளைக் குழியில் அழுத்தித் தடவுதல், மேற்பரப்பை மட்டும் துடைத்தல். துடைக்கும்போது கோட்டின் திசையிலே துணியை இழுத்தால் குழியிலிருப்பதும் வெளியே வந்துவிடும்; குறுக்காகவே இழுத்தல் வேண்டும்.

4. பாரசீகச் சொற்களும் பொன்னெழுத்தும்

இந்தியப் படைக்கலன்களில் நிறவேறுபாடு பெரும்பாலும் பொன்னாலும் வெள்ளியாலும் தரப்பட்டது. இதற்குரிய கலைச்சொற்கள் பாரசீகத்திலிருந்து வந்தவை. அவற்றுள் இரண்டு சொற்களை மொழிபெயர்ப்பாளர் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

ஒன்று, கோஃப்தகரி. ‘கோஃப்தன்’ என்னும் பாரசீக வினைக்கு அடித்தல், இடித்தல் என்பது பொருள். இடித்துப் பிசைந்த இறைச்சி உருண்டைக்கு வழங்கும் கோஃப்தா என்னும் பெயரும் இவ்வேரிலிருந்தே பிறந்தது. கோஃப்தகரியில் ஆழமான குழி இல்லை. எஃகுப் பரப்பு முழுவதும் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கப்படும். அதன்மேல் பொற்கம்பியையோ தகட்டையோ வைத்து அடித்து ஒட்டச் செய்வர். மற்றொன்று, தஹ்நிஷான். ‘தஹ்’ என்பது அடி அல்லது ஆழம். ‘நிஷான்’ என்பது குறி. இதில் உண்மையான குழி வெட்டப்பட்டு, அதனுள் கம்பி பதிக்கப்பட்டுச் சமன் செய்யப்படும். முன்னது நாளடைவில் தேய்ந்து உரிந்துபோகக்கூடியது; பின்னது பரப்புத் தேய்ந்தாலும் நிற்கும். நிஷான் என்னும் சொல் தமிழுக்கும் அறிமுகமானதே. எழுத்தறியாதார் பத்திரத்தில் இடும் குறியை ‘நிசானி’ என்பது அவ்வழி வந்த வழக்காகும். நுண்ணிய அணிவேலையைக் குறிக்கும் ‘நகாசு’ என்பதும் ‘நக்ஷ்’ என்னும் அரபு மூலத்தைச் சார்ந்தது.

ஆங்கிலத்தில் இவ்விரு தொழில்களும் பெரும்பாலும் ‘டமசீனிங்’ என்ற ஒரு சொல்லால் சுட்டப்பட்டன. டமாஸ்கஸ் நகரின் பெயரடியாகப் பிறந்த அச்சொற்குழு, நீரலை போன்ற வரியோடும் எஃகையும் குறிக்கும். எஃகின்மேல் பொன் பதித்தலையும் குறிக்கும். எஃகின் வரி உலோகத்தின் உள்ளமைப்பால் தோன்றுவது. பொன்வேலை வெளியிலிருந்து சேர்க்கப்படுவது. இடம்நோக்கிப் பொருள் கொள்ளாவிடின், வாளின் இயல்பான வரியைப் பொன்வேலை என்று மொழிபெயர்க்க நேரிடும். ஊர்ப்பெயரிலும் இத்தகைய மயக்கம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோஃப்தகரிக்குப் பெயர்பெற்ற இடங்கள் பஞ்சாபின் சியால்கோட்டும் குஜ்ராத்தும் ஆகும். இக்குஜ்ராத் இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு நகரம். மேற்கிந்தியாவின் குஜராத் அன்று. 1849ஆம் ஆண்டில் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமானபின் வாளுக்கும் கேடயத்துக்கும் தேவை குறைந்தது. அக்கைவினைஞர் மைக்கூடு, பெட்டி, தட்டு முதலியவற்றுக்குத் தம் தொழிலை மாற்றிக்கொண்டனர்.

திப்பு சுல்தானின் துப்பாக்கிகள் இவ்வகையில் சிறந்த சான்றுகள். 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றுட் பல இங்கிலாந்து சென்றன. குழல்களிலும் விசைப் பகுதிகளிலும் புலிவரிக் கோலம் காணப்படுகிறது. இதனைக் குறிக்கும் ‘பப்ரி’ என்னும் சொல் புலியைச் சுட்டும் ‘பபர்’ என்பதிலிருந்து வந்தது. அவற்றின் எழுத்துகள் செய்தவர் பெயரையும், ‘பட்டன்’ என்னும் இடப்பெயரையும், மௌலூதி ஆண்டையும் தருகின்றன. இங்குப் பட்டன் என்பது ஸ்ரீரங்கப்பட்டணமே. குஜராத் மாநிலத்தின் பாட்டன் நகர் அன்று. மௌலூதி என்பது திப்பு தம் ஆட்சியில் புகுத்திய ஆண்டுக்கணக்கு. ஹிஜ்ரி ஆண்டாகக் கொண்டு கணக்கிட்டால் காலம் பிழைபடும். அவர் நாணயங்களில் இம்முறை 1215ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது, அவ்வாண்டு கி.பி. 1786-87ஐ ஒட்டியது. அந்நாணயங்களில் ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டுள்ளன. பழக்கமான முறையில் இடமிருந்து படிப்பவர் 1215ஐ 5121 என்று படிப்பர். பொன்னும் வெள்ளியும் எழுத்தைக் காட்டும்; எத்திசையில் படிப்பது என்பதைக் காட்டமாட்டா.

5. கருமையால் காட்டுதல்

பொன் ஒளியால் எழுத்தைக் காட்டுகிறது. வேறு சில மரபுகள் கருமையால் காட்டின. வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றைக் கந்தகத்துடன் சேர்த்து ஆக்கிய கருங்கலவையை வெள்ளியில் செதுக்கிய குழியில் இட்டு உருக்கி நிரப்பும் தொழிலுக்கு இத்தாலியத்தில் ‘நியெல்லோ’ என்று பெயர். கருமையைக் குறிக்கும் ‘நிகெர்’ என்னும் இலத்தீன் சொல்லின் சிறுமைவடிவமாகிய ‘நிகெல்லும்’ என்பதே இதன் மூலம். ருசிய மொழியில் இதற்கு வழங்கும் ‘செர்ன்’ என்பதும் கருமையடியாகப் பிறந்ததே. அச்சொல் கீழ்மக்கள் கூட்டம் என்னும் இழிபொருளிலும் வழங்குவதால், ருசிய நூல்களை மொழிபெயர்ப்போர் இடமறிந்து பொருள் கொள்ளுதல் வேண்டும். தாகெஸ்தானின் குபாச்சி ஊரார் வாளுறைகளையும் துப்பாக்கியின் வெள்ளிப் பூண்களையும் இக்கருமையால் அணிசெய்து புகழ்பெற்றனர்.

இத்தொழிலுக்கு அச்சுக்கலையோடும் உறவுண்டு. 15ஆம் நூற்றாண்டுப் புளோரன்ஸ் நகரப் பொற்கொல்லர் செதுக்கிய குழியில் மையை நிரப்பித் தாளில் ஒற்றித் தம் வேலையைச் சரிபார்த்தனர். செப்புத்தகட்டு அச்சு இதிலிருந்தே பிறந்தது என்று வசாரி எழுதினார். இன்றைய அறிஞர் அதனை முழுமையாக ஏற்பதில்லை. எனினும் ஒரே குழியும் ஒரே மையும் கருவியில் நின்றால் குறி, தாளுக்கு மாறினால் அச்சு என்னும் உண்மை கருதத்தக்கது.

கருநாடகத்தின் பீதர் நகரில் வளர்ந்த பீதரிக் கலையில் இம்முறை தலைகீழாக அமைகிறது. பெரும்பங்கு துத்தநாகமும் சிறுபங்கு செம்பும் சேர்ந்த கலப்புலோகத்தால் பொருள் வார்க்கப்படும். முதலில் மயில்துத்தக் கரைசலால் பரப்பைத் தற்காலிகமாகக் கறுக்கச் செய்வர். கீறும் கோடு வெளுப்பாகத் தெரிவதற்கே இவ்வேற்பாடு. குழியில் வெள்ளி பதித்துச் சமன் செய்தபின், பழைய கோட்டையின் மண்ணும் நவச்சாரமும் கலந்த குழம்பைப் பூசுவர். கலப்புலோகம் நிலையாகக் கறுக்கும். வெள்ளி மாறாது நிற்கும். இங்குக் குழி நிரப்பப்படுவது வெண்மையால், பின்புலமே கறுப்பாக்கப்படுகிறது. பீதரிக்கு 2006ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘கறுப்பு வண்ணம் பூசிய பாத்திரம்’ என்று இதனை வருணிக்கும் ஒரு பட்டியல் வரியை நம்பிப் பரப்பைத் தேய்த்துத் துலக்கினால், கலைப்பொருளின் இயல்பே அழிந்துபோகும். மொழிபெயர்ப்புப் பிழை பொருட்பிழையாக முடியும் இடம் இது.

6. அளவுக் கருவிகள்: நிறம் இலக்கணமாதல்

அணிகலையை விட்டு அளவுக் கருவிகளுக்கு வரும்போது நிறத்தின் பணி மாறுகிறது. அங்கு அழகுக்கு இடமில்லை. பிழையின்றிப் படித்தலே நோக்கம். நுண்ணளவியிலும் வெர்னியர் அளவுகோலிலும் கோடுகள் கருநிறம் நிரப்பப்பட்டு, ஒளி தெறிக்காத மங்கிய வெண்பரப்பில் நிற்கின்றன. பரப்புப் பளபளத்தால் கோட்டின் விளிம்பு கண்ணை ஏமாற்றும். கோடு அகன்றிருந்தால் எந்தப் பக்கத்தை எல்லையாகக் கொள்வது என்னும் ஐயம் எழும். ஆகவே குழியின் அகலமும் நிறத்தின் செறிவும் அளவையின் பகுதிகளாகின்றன.

நழுவுகோலில் நிறம் ஒருபடி மேலே சென்று இலக்கணமாகவே ஆகிவிடுகிறது. 1970களில் மின்னணுக் கணிப்பான் பரவும்வரை பொறியாளர் கையாண்ட இக்கருவியில் பெரும்பாலான எண்கள் கறுப்பு. தலைகீழ் மதிப்புகளைத் தரும் அளவையின் எண்கள் வழக்கமாகச் சிவப்பு. அவ்வெண்கள் வலமிருந்து இடமாக வளர்கின்றன. ‘இங்குத் திசை மாறுகிறது’ என்னும் விதியைச் சிவப்பு நிறமே சொல்லிவிடுகிறது. திப்புவின் நாணயத்தில் படிப்பவரே அறிந்துகொள்ள வேண்டியிருந்த செய்தி இங்கு நிறத்தால் உணர்த்தப்படுகிறது. இத்தகைய கருவியின் கையேட்டைக் கறுப்பு மையில் மட்டும் அச்சிடும்போது, ‘சிவப்பு எண்கள்’ என்னும் குறிப்பை விட்டுவிடுதல் ஒரு வாக்கியத்திலிருந்து எதிர்மறையை விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

துப்பாக்கியின் குறிநோக்கும் ஓர் அளவுக் கருவியே. கொல்கத்தாவை அடுத்த இஷாப்பூர்த் தொழிற்சாலையில் உருவான லீ-என்ஃபீல்டு வகைத் துப்பாக்கியின் பின்நோக்கில் 2000 வரை எண்கள் இருந்தன. அவை கெஜக் கணக்கு. 1960களில் அங்கு உருவான 2ஏ1 வகையில் எண்கள் 800 வரை அமைந்தன. அவை மீட்டர்க் கணக்கு. எண்ணுக்கு அருகில் அலகின் பெயர் விரித்து எழுதப்படுவதில்லை. எனவே அலகை அறிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் பெயர்த்தெழுதும் கையேடு படைவீரரைப் பிழையான தொலைவுக்குக் குறிவைக்கச் செய்யும்.

7. ஓர் எழுத்து, பல மொழிகள்

20ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளில் பாதுகாப்பு நிலை, ஒற்றைச் சூடு, தொடர்சூடு ஆகியவற்றைத் தெரிவுசெய்யும் நெம்புகோலின் அருகே ஓரிரு எழுத்துகள் இடம்பெறுகின்றன. இவை மொழியியலார் நின்று நோக்கத்தக்கவை. பிரித்தானிய எல்1ஏ1 வகையிலும் அதனையொட்டி இஷாப்பூரில் உருவான 1ஏ1 வகையிலும் ‘எஸ்’, ‘ஆர்’ என்னும் எழுத்துகள் உள்ளன. ‘ஆர்’ என்பது ‘ரெப்பிட்டிஷன்’ என்பதன் முதலெழுத்து. விசையை அழுத்துந்தோறும் ஒரு குண்டு என்பது பொருள். பிரெஞ்சுப் படையின் ஃபாமாஸ் துப்பாக்கியிலும் ‘ஆர்’ உண்டு. அங்கு அது ‘ரஃபால்’ என்னும் சொல்லின் முதலெழுத்து. தொடர்சூடு என்பது பொருள். ஒரே எழுத்து இரு மொழிகளில் ஒன்றற்கொன்று மாறான இரு நிலைகளைக் குறிக்கிறது.

செருமானிய ஜி3 வகையில் ‘எஸ்’, ‘ஈ’, ‘எஃப்’ என்பவை முறையே பாதுகாப்பு, ஒற்றைச் சூடு, தொடர்சூடு ஆகியவற்றைக் குறிக்கும் செருமானியச் சொற்களின் முதலெழுத்துகள். ‘எஃப்’ என்பதை ஆங்கில ‘ஃபயர்’ என்று கொள்பவர் அது பொதுவாகச் சுடும் நிலை என்று கருதி ஏமாறக்கூடும். கலாஷ்னிக்கோவ் துப்பாக்கியில் ருசியச் சுருக்கங்கள் உள்ளன. சீனத்தில் அதே வகை உருவானபோது முதலில் சீன எழுத்துகளும், பின்னர் ‘லியென்’, ‘தான்’ என்னும் சொற்களின் முதலொலியைக் காட்டும் இலத்தீன் எழுத்துகளாகிய ‘எல்’, ‘டி’ ஆகியவையும் இடம்பெற்றன. அவ்வெழுத்துகளை ஆங்கிலமாகப் படித்தால் பொருளே இல்லை.

இம்மயக்கத்தைத் தீர்க்க நிறம் துணைசெய்தது. பாதுகாப்பு நிலைக்குரிய எழுத்தில் வெண்மையும் சுடுநிலைக்குரியவற்றில் செம்மையும் நிரப்பும் வழக்கம் பரவியது. பல வேட்டைத் துப்பாக்கிகளில் பூட்டை விடுவித்தால் மறைந்திருந்த செம்புள்ளி ஒன்று வெளிப்படும். நிறம் எம்மொழியாளர்க்கும் பொது என்று கருதப்பட்டது. ஆனால் நிறமும் மொழியைப் போன்றதே. செம்மை ‘இடர்’ என்னும் பொருளையும் தரும்; சாலை விளக்கில் ‘நில்’ என்னும் பொருளையும் தரும். முதற்பொருளில் செம்புள்ளி ‘சுடத் தயார்’ என்கிறது. இரண்டாம் பொருளில் ‘தடுக்கப்பட்டுள்ளது’ என்று தவறாக உணர்த்தும். மேலும் செவ்வொளியில் செந்நிறக் குறி வெண்குறியிலிருந்து பிரித்தறிய முடியாததாகிவிடும். எனவே கையேட்டின் மொழிபெயர்ப்பில் ‘சிவப்புக் குறி’ என்று மட்டும் எழுதுதல் போதாது. ‘சிவப்புக் குறி தெரிந்தால் துப்பாக்கி சுடும் நிலையில் உள்ளது’ என முழுத்தொடராக எழுதுதல் வேண்டும். மூலத்தில் இல்லாத சொற்களைச் சேர்த்தல் இங்குக் குற்றமாகாது. சேர்க்காமை உயிருக்கு ஊறாகலாம்.

8. சட்டமும் சான்றும்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 8ஆம் பிரிவில், துப்பாக்கியின் பெயர், எண் முதலிய அடையாளக் குறிகளை அழித்தலையும் நீக்குதலையும் மாற்றுதலையும் போலியாக இடுதலையும் தடைசெய்கிறது. முத்திரையாக அடிக்கப்பட்ட குறிகளையும் வேறு வகையில் காட்டப்பட்டவற்றையும் அப்பிரிவு தழுவுகிறது. குறியில் மையாடுதல் அதனை மாற்றுவதாகாது. அதன்மேல் கனமாகப் பூசி மறைத்தல் வேறு செயல். தமிழில் இரண்டையும் ‘வண்ணமிடுதல்’ என்று எழுதினால் வேறுபாடு மறையும்.

தடய அறிவியலில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. முத்திரையாக அடித்த எண்ணை அரத்தால் அராவி அழித்தாலும், அடியின் அழுத்தத்தால் கீழுள்ள உலோகத்தின் அமைப்பு மாறியிருக்கும். தக்க அமிலக் கலவையைத் தடவினால் அவ்விடம் மற்ற இடத்தினும் வேறான வேகத்தில் அரிக்கப்பட்டு, அழிந்த எண் சிறிதுநேரம் தோன்றும். செதுக்கிய எண்ணில் உலோகம் வெட்டியெடுக்கப்பட்டிருப்பதால் அத்தகைய அழுத்தச் சுவடு மிகக் குறைவு, மீட்பதும் அரிது. ஆய்வாளரின் அறிக்கை ‘முத்திரை’ என்று சொல்வதை நீதிமன்ற மொழிபெயர்ப்பு ‘செதுக்கல்’ என்று ஆக்கிவிட்டால், எண் எவ்வாறு மீண்டது என்னும் சான்றின் அடிப்படையே ஐயத்துக்குள்ளாகும்.

பழம்பொருள் ஆய்விலும் இதற்கு இணையான நிலை உண்டு. தேய்ந்த சோதனைக் குறிகளில் பிற்காலத்தார் வெள்ளை எனாமலையோ மெழுகுக் கோலையோ தடவித் தெளிவாக்குதல் வழக்கம். புகைப்படத்தில் அது மூலநிறம் போலத் தோன்றும். ‘வெண்ணிற முத்திரை’ என்று வருணிக்கும் மொழிபெயர்ப்பு, பின்னாளில் சேர்ந்ததை முற்காலத்துக்கு ஏற்றிவிடுகிறது. ‘முத்திரை, பின்னர் வெண்மை நிரப்பப்பட்டது’ என்பதே முறையான வருணனையாகும்.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் சொற்பிரிவுகள் தமிழில் நிலைபெறுதல் நன்று எனலாம். அச்சால் அடிப்பது முத்திரை அடித்தல். உலோகத்தை வெட்டியெடுப்பது செதுக்குதல். அமிலத்தால் ஆவது அரித்தெழுதல். குழியில் உலோகம் இடுவது பதித்தல். கீறிய பரப்பில் உலோகத்தை அடித்து ஒட்டுவது கோஃப்தகரி. குழியில் மட்டும் நிறம் தங்கச் செய்வது மையாடல். பரப்பு முழுவதையும் மூடுவது பூச்சு. முறை தெரியாதவிடத்துப் ‘பொறிப்பு’ என்னும் பொதுச்சொல்லை ஆளலாம். தெரிந்தவிடத்து அதனை ஆளுதல் தகாது.

இவற்றுள் மையாடல் என்பது புதிதாக ஆக்கிய சொல் அன்று. ஓலைச்சுவடியோடு வழக்கிறங்கிய அதனை உலோகத்துக்கும் உரியதாக்குவதில் பொருள்விரிவு உண்டேயன்றிப் பொருள்மாற்றம் இல்லை. எழுத்தாணி உளியாகவும் ஓலை எஃகாகவும் மாறியுள்ளன. கீறலில் நின்ற மை எழுத்தைக் காட்டும் முறை மாறவில்லை.